பெட்டியில் தங்கிய மாவு

"வீட்டுல தூசி உண்டாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

மகள் என் மடியில் உட்கார்ந்து இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் குழிந்து குழிந்து மேலே வந்தது. அதற்கு முந்தைய முறை போனபோதும் டாக்டர் இதையேதான் கேட்டார். அப்போது, "ரோட்டு மேல வீடு சார், பஸ்ஸு போற தூசி" என்று சொல்லியிருந்தேன். பொய் இல்லை. பாளையம்பட்டியில் எங்கள் வீட்டு வாசலை உரசிக்கொண்டுதான் டவுன் பஸ் போகிறது. ஆனால் அவர் கேட்டது அந்தத் தூசியை இல்லை என்று எனக்குத் தெரியும். பதில் சொல்லி முடித்ததுமே அது தெரிந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து வீட்டுக்கு வரும் வழி முழுவதும் தெரிந்துகொண்டே இருந்தது.

இந்த முறை சொன்னேன். "வீட்டு முன் ரூமே மாவு மில்லுதான் சார்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். "மாவுத் தூசிதான் காரணம்னு உறுதியாச் சொல்ல முடியாது. பனியாலயும் வரும், சளி பிடிச்சும் வரும். ஆனா தூசியைக் குறைச்சுப் பாருங்க. பிள்ளை கிட்டத்துல பறக்க விடாதீங்க" என்றார்.

உறுதியாச் சொல்ல முடியாது. பிறகு நடந்த எல்லாவற்றிலும் இந்தச் சொல் என் கூடவே வந்தது.

முதல் முறை நான் ஏன் மறைத்தேன் என்றால், அந்த மில் என் மதினியுடையது. என் கணவரின் அக்கா. திருச்சுழிப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போய், அந்த வாழ்க்கை நிலைக்காமல் திரும்பி வந்தவர். ஏன் என்று இந்த வீட்டில் யாரும் பேசமாட்டார்கள், நானும் கேட்டதில்லை. அப்போது மாமனார் உயிரோடு இருந்தார். மகளை மூலையில் உட்காரவிடாமல் மில் சுவிட்சைக் கையில் கொடுத்தார் என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். கணவருக்கு நூல் மில்லில் ஷிப்டு வேலை. அதனால் மாமனாருக்குப் பிறகு மாவு மில் முழுக்க மதினி கைக்கு வந்தது. மோட்டாரை அவரே கழற்றி மாட்டுவார். பெல்ட் அறுந்தால் அவரே தைப்பார். தெருவில் எவரும் அவரைப் புருஷனை விட்டு வந்தவள் என்று சொல்வதில்லை. மில்லுக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயர் அவருக்கு எவ்வளவு பெரியது என்பது நான் இந்த வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே புரிந்தது.

மில் அறையில் ஒரு மூலையில் பழைய சிமெண்டு மேடை இருக்கிறது. நான்கு துருப்பிடித்த போல்ட்டுகள் அதிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும். மாமனார் தொழில் தொடங்கியபோது ஆயில் என்ஜின் அதன்மேல்தான் ஓடியது. சுவரில் அடைத்த ஓட்டை ஒன்று உண்டு; என்ஜினிலிருந்து பெல்ட் அதன் வழியாகப் போய் அடுத்த அறையில் கல் மெஷினைச் சுற்றியது. பிறகு கரண்டு வந்தது, மோட்டார் வந்தது. கல்லை அடிக்கடி கொத்த வேண்டியிருந்தது, அரைப்பதற்கும் நேரம் பிடித்தது. அதனால் பொடி மெஷின் வந்தது. இப்போது ஓடுவது அதுதான். உள்ளே இரும்புச் சுத்திகள் வேகமாகச் சுற்றி தானியத்தை அடித்து நொறுக்கும். கல் தானியத்தைத் தேய்த்தது, இது அடிக்கிறது.

நான் பிசிக்ஸ் படித்தவள். குழந்தைக்கு இழுப்பு வந்த பிறகுதான் அந்தப் படிப்பை மெஷின் பக்கம் திருப்பினேன். கைத்திருகையில் காற்றே கிடையாது. இரண்டு கல்லும் மெதுவாக உரசும், மாவு ஓரத்தில் கனமாக விழும். மெஷின் வேகம் கூடக்கூட மாவு மெலிந்தது; மெலிந்த மாவு மிதந்தது. பொடி மெஷினோ விசிறி மாதிரி காற்றையும் சேர்த்தே தள்ளுகிறது. அந்தக் காற்று வெளியே போக வேண்டும், மாவு போகக் கூடாது. அதற்காகத்தான் மெஷின் வாயில் ஒரு துணிப்பையைக் கட்டினார்கள். ஆள் உயரப் பை. மெஷின் ஓடும்போது காற்று ஏறி யானைக்கால் மாதிரி விறைத்து நிற்கும். மாவு அதன் வழியாகக் கீழே வைத்த தூக்குவாளிக்குள் இறங்கும். நிறுத்தினால் பை தொங்கிப்போகும். உள்பக்கத்தில் கொஞ்சம் மாவு ஒட்டிக்கொண்டிருக்கும்.

எல்லாம் அந்த ஒட்டிய மாவில்தான் இருந்தது.

திருகையில் அரைத்தவரை, போட்டதும் விழுந்ததும் அரைத்தவள் கண் முன்னால் இருந்தது. தானியத்தைத் தூக்கிக்கொண்டு மில்லுக்கு நடக்க ஆரம்பித்த அன்றே, நான் கொடுத்தது முழுசாகத் திரும்பி வருகிறதா என்ற கேள்வியும் கூடவே நடக்க ஆரம்பித்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கம் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. அரைத்து முடித்ததும் பையைத் தட்ட வேண்டும். அரைக்கக் கொடுத்தவர் போதும் என்று சொல்லும்வரை தட்ட வேண்டும். மானாவாரியில் ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவில் விளைந்த கம்பு அது. ஒட்டியிருப்பது ஒரு கைப்பிடிதான் என்றாலும் விட்டுவிட்டுப் போக மனசு வராது.

மதினி அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கி வைத்திருந்தார். தட்டுகிற ஒவ்வொரு தடவையும் அறை வெள்ளையாகும். அவர் புருவமெல்லாம் நரைத்த மாதிரி நிற்பார்.

"இன்னும் ரெண்டு தட்டு தட்டுத்தா" என்பார் ஒருத்தர்.

"தட்டுறேன் தாயி. உன் கம்ப வச்சு நான் மாடியா கட்டப்போறேன்?"

"ஏன், பின்னாடி புதுசா ரூமு எடுத்திருக்கீகளாமே?"

"அது என் தம்பி எடுத்தது. உன் கம்பு அதுக்கு அஸ்திவாரத்துக்கே காணாது."

வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். உள் அறையில் நான் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சிரிப்பேன். கதவிடுக்கு வழியாக வெயிலில் அந்த மாவு மிதந்து வருவதைப் பார்த்துக்கொண்டேதான் சிரித்திருக்கிறேன்.

டாக்டர் சொன்னதை மதினியிடம் நான் சொல்லவில்லை. கணவரைச் சொல்லச் சொன்னேன். அவர் போய்ச் சொன்னார். மதினி கேட்டுவிட்டு நேராக அடுப்படிக்கு வந்தார்.

"இதைச் சொல்ல அவன அனுப்புவியாக்கும்? நான் என்ன கடிச்சா திங்கப்போறேன்?"

"இல்ல மதினி, உங்க மில்லு…"

"பிள்ளைக்கு மூச்சு முட்டுதுன்னா மெஷினைத் தூக்கிக் கண்மாயில போடுவோம்ல. மில்லு கிடக்கு."

நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும். அது இன்னும் மோசம் என்று அடக்கிக்கொண்டேன். பிறகு ஒன்று கேட்டேன். அதைக் கேட்டிருக்கக் கூடாது. "பிள்ளைக்கு இழுப்புன்னு வெளியில யார்ட்டயும் சொல்லாதீங்க மதினி." பெண் பிள்ளை. இழுப்பு உள்ள பிள்ளை என்று இன்றைக்கு ஒருத்தர் வாயில் விழுந்தால், அவள் பெரியவளாகி நிற்கிறபோதும் அது எங்காவது ஒரு வாயில் இருக்கும். படித்தவள் இப்படி யோசிக்கலாமா? யோசித்தேன். மதினி என்னை ஒரு தரம் பார்த்தார். "நான் ஏன் சொல்லப்போறேன்?" என்றார்.

மதுரையிலிருந்து மெக்கானிக் வந்தார். துணிப்பையைக் கழற்றிவிட்டு ஒரு தகரக் கூம்பை மாட்டினார். காற்றும் மாவும் அதற்குள் சுழன்று, மாவு கீழே இறங்கிவிடும். காற்று ஒரு குழாய் வழியாக மேலே ஏறி, துணி வைத்த தகரப் பெட்டிக்குள் புகுந்து, அங்கிருந்து கூரைக்கு வெளியே போய்விடும். எங்கேயும் தட்ட வேண்டியதில்லை. முதல் நாள் சோளம் அரைத்தபோது நான் விரலால் கதவை வழித்துப் பார்த்தேன். விரல் சுத்தமாக இருந்தது.

குழந்தைக்கு மெல்ல மெல்ல இழுப்பு குறைந்தது. மூச்சுக்கு மருந்து ஏற்றுகிற நெபுலைசரைத் துடைத்து அட்டைப் பெட்டியில் வைத்தோம். ஆனால் பனிக்காலமும் அப்போது முடிந்திருந்தது. எதனால் குறைந்தது? இன்றுவரை எனக்குத் தெரியாது. பனி போனதால் என்றால், நான் மதினிக்குச் செய்தது எதற்காக?

செய்தது என்னவென்றால் இது. பரளச்சியிலிருந்து ஒரு அம்மா வருவார். மகளை எங்கள் தெருவில் கட்டிக்கொடுத்திருக்கிறார். மகள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொந்தக் காட்டில் விளைந்த கம்பையும் சோளத்தையும் கொண்டுவந்து எங்களிடம்தான் அரைப்பார். மதினியோடு அதிகம் வாயாடுவதும் அவர்தான். கூம்பு மாட்டிய பிறகு முதல் முறை வந்தவர், மெஷினைச் சுற்றிவந்து பார்த்தார்.

"ஏத்தா, பை எங்க?"

"கழட்டியாச்சு. இப்ப எல்லாம் உள்ளுக்குள்ளயே சுத்தி விழுந்துரும்."

"காத்தோட போறது?"

"அது மேல பெட்டிக்குப் போகும்."

"பெட்டிக்குப் போயி?"

மதினி சிரித்தார். "பெட்டிக்குப் போயி, அங்கருந்து பேங்குக்குப் போயிரும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் உள்ளே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அதத்தான் கேக்கேன்" என்றார் அந்த அம்மா. குரலில் கோபம் இல்லை. "முன்னெல்லாம் தூக்கு நெறஞ்சு கோபுரமா நிக்கும். இப்ப விளிம்புக்குக் கீழ நிக்கிது. எடுக்கிறதுன்னா கேட்டு எடுக்கணும்த்தா. பிள்ளை இருக்கிற வீடு, ஒரு படி கேட்டா குடுக்க மாட்டமா?"

திருடி என்று சொல்லியிருந்தால் மதினி திருப்பிப் பேசியிருப்பார். இது தானம் கொடுக்கிற பேச்சு. "உங்க மாவு உங்க தூக்குலதான்க்கா இருக்கு" என்று மட்டும் மதினி சொன்னார். அவர் யாரையும் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

நான் கதவைத் திறந்து வெளியே வந்து, "என் பிள்ளைக்கு மூச்சுக் கோளாறு, அதுக்காகத்தான் மாத்தினோம்" என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் வேண்டும். குழந்தை என் தாலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையை விலக்கிவிட்டு இன்னும் ஓரமாக நகர்ந்து நின்றேன்.

அந்த அம்மா சொன்னதில் துளி உண்மையும் இருந்தது என்பது என்னை வதைத்தது. பெட்டியில் மாவு தங்கத்தான் செய்தது. ஒவ்வொருவர் வீட்டு மாவிலும் ஒரு சிட்டிகை, எல்லாம் கலந்து அடியில் கிடக்கும். மதினி அதை வழித்துப் பக்கத்து வீட்டுப் பசுவுக்குத் தவிட்டோடு வைத்துவிடுவார். எங்கள் அடுப்படிக்கு அது வந்ததே இல்லை. ஆனாலும் தெருவில் எல்லோரிடமும் ஒரு சிட்டிகை எடுத்துத்தான் என் மகள் மூச்சு விடுகிறாள் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. ஒரு பக்கம் அப்படித் தோன்றும். இன்னொரு பக்கம், ஒரு சிட்டிகை மாவுக்கு இப்படிப் பேசுகிறார்களே என்று அவர்கள் மேல் கோபம் வரும். கோபம் வந்த உடனே, மானாவாரிக் காட்டில் நின்று களை எடுத்தது நானா என்று கேட்டுக்கொள்வேன்.

வரிசை குறைந்தது. யாரும் சண்டை போட்டுவிட்டுப் போகவில்லை. பெரிய தெருவில் இன்னொரு மில் இருக்கிறது. அங்கே பை இருக்கிறது, தட்டுகிறார்கள். காலையில் எங்கள் மெஷின் ஓடவேண்டிய நேரத்தில் மதினி வாசல்படியில் உட்கார்ந்து பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆளுக வரலையா மதினி?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "வெயிலா இருக்குல்ல" என்றார். அன்று வெயிலே இல்லை.

அந்த மெக்கானிக் ஒருநாள் பெல்ட் மாற்ற வந்தார். மதினி பேச்சுவாக்கில் ஆள் குறைந்ததைச் சொன்னார். நான் அவருக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "இதுக்கு ஏன்க்கா கவலப்படுறீக? பெட்டில கதவு வச்சுத்தானே குடுத்திருக்கேன். சந்தேகப்படுற ஆளு முன்னாடி தெறந்து காட்டுங்க. ஒரு நிமிசத்து வேல."

"தெறந்தா அம்புட்டும் கீழ கொட்டும். வீடு பூராம் பறக்கும்" என்றார் மதினி. "உள்ள பிள்ள கிடக்கு."

நான் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார். "காப்பிய வச்சுட்டுப் போம்மா, பிள்ள அழப்போறா."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் டாக்டரிடமோ கோயிலுக்கோ போய்வருகிற நாளில் மட்டும் மில் தரை ஈரமாக இருக்கும். பெட்டியை அவர் அந்த நேரம் பார்த்துத்தான் திறந்து துடைத்திருக்கிறார். பெட்டியைத் திறந்து காட்டினால் பேச்சு நின்றிருக்கும், குழந்தைக்காகத் திறக்கவில்லை. காரணத்தைச் சொன்னால் பேச்சு நின்றிருக்கும். நான் கேட்டுக்கொண்டதற்காகச் சொல்லவில்லை. இரண்டு வழியையும் அடைத்தது நான். அடைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று அவர் பேச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் மதினியிடம் நானே போய்ச் சொன்னேன். "வியாழக்கெழம பிள்ளையத் தூக்கிக்கிட்டு மல்லாங்கிணறுல அம்மா வீட்டுக்குப் போயிட்டுப் பொழுதடைய வாரேன். அன்னைக்கு எல்லாரையும் வரச்சொல்லுங்க. அவுக முன்னாடி பெட்டியத் திறங்க. இனிமே வாராவாரம் அப்படியே செய்யலாம்."

"வாராவாரம் பிள்ளையத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல அலைவியா? உங்க அம்மா வீட்டுல என்ன நெனப்பாக, நாத்தனா வெரட்டி விடுறான்னுல்ல நெனப்பாக?"

"நெனைக்கட்டும். கேட்டா… பிள்ளைக்கு இழுப்பு, அதுக்காகத்தான் மாத்தினோம்னு எல்லார்ட்டயும் சொல்லிருங்க மதினி."

சொல்லிவிட்டேன். ஆனால் சொன்ன குரல் எனக்கே கேட்டது. சொல்லாதீர்கள் என்று கெஞ்சுகிற குரலாகத்தான் இருந்தது அது. மதினி, "சரி சரி, பாத்துக்கிறேன்" என்றார்.

வியாழக்கிழமை போனேன். பஸ்ஸில் குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடு, மாடு என்று கத்திக்கொண்டே வந்தாள். ரோட்டோரம் மிளகாய் காயப்போட்டிருந்த இடத்தில் நெடி ஏறியது. நான் முந்தானையால் அவள் மூக்கை மூடினேன், அவள் தட்டிவிட்டாள். அம்மா வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை. "என்ன, வீட்டுல எதுவும் சண்டையா?" என்று அம்மா கேட்டார். இல்லை என்று சொன்னேன். நான் சொன்ன விதத்தில் அம்மா நம்பவில்லை.

பொழுதடைய வீட்டுக்கு வந்தபோது தரை கழுவி, கதவு துடைத்து, வாசல் ஈரமாக இருந்தது. மதினி தலையில் துண்டு கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன நடந்துச்சு மதினி?"

"என்ன நடக்கும்? தெறந்தேன். எல்லாரும் எட்டிப் பாத்தாளுக. அடியில ஒரு ரெண்டு கை மாவு கிடந்துச்சு. பரளச்சிக்காரி இருக்காள்ல, அவ, 'இது மட்டுமா? கொழாய்க்குள்ள இருக்கும்'னா. ஏணிய எடுத்துப் போட்டு, 'ஏறிப் பாரு'ன்னேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஏறிட்டாம்மா!"

"ஏறிட்டாங்களா?"

"ஏறி, கொழாய்க்குள்ள கைய விட்டு, மூஞ்சியயும் விட்டா. யாரோ எறங்கு எறங்குன்னு ஏணிய ஆட்டிட்டாளுக. மூஞ்சி பூராம் மாவோட எறங்குறா, கோயில்ல விபூதி பூசின மாதிரி. 'ஒண்ணும் இல்லத்தா'ன்னா. எல்லாருக்கும் சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு."

"மன்னிப்பு எதுவும் கேட்டாங்களா?"

"அவளா? அடுத்த வாரம் சோளம் கொண்டாறேன், மொத ஆளா போட்டுக் குடுன்னுட்டுப் போனா." மதினி நெடுநாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு கேட்டேன்.

"பிள்ளைக்காகத்தான்னு சொன்னீங்களா?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப? பெட்டியப் பாத்தாளுக, போயிட்டாளுக."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் என்னை இப்போதும் கூச வைக்கிறது.

குழந்தை கையை நீட்டி "அத்த, அத்த" என்று தாவினாள். மதினி வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் அவள் முதுகைப் பார்த்தேன். சட்டைக்கு மேலே விலா ஏறி இறங்குவதைப் பார்த்தேன். ஒரே சீராக இருக்கிறதா, குழிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்போல. நிமிர்ந்தபோது மதினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைக்கு ஊத்திட்டேன்மா" என்றார். "சேலையயும் மாத்திட்டேன்." சொல்லிக்கொண்டே குழந்தையை என் பக்கம் நீட்டினார்.

நான் அதுக்குப் பார்க்கவில்லை மதினி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குத்தான் பார்த்தேன். குழந்தை வரமாட்டேன் என்று அவர் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களே வச்சிருங்க மதினி" என்று சொல்லிவிட்டுக் ஊருக்குக் கொண்டுபோன கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். உள்ளே போய், விளக்கைக்கூடப் போடாமல் நின்று, குழந்தையின் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காதுகொடுத்துக்கொண்டிருந்தேன்.